தண்ணீரை வழியனுப்பும் ஊர்

இந்த ஊரில் விடிந்ததும் எல்லோரும் முதலில் போய்ப் பார்ப்பது தண்ணீரைத்தான். வந்துவிட்டதா என்று அல்ல, போய்விட்டதா என்று! நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்காரி ஹெர்தா அம்மாள் கணவரை இழந்தவர், நாற்பத்தைந்து வயதிருக்கலாம். மரக்கட்டைச் செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைக்குப் பின்னால் ஓடும் வடிகால் ஓரமாகப் போய் நிற்பார். தண்ணீர் சளசளவென்று ஓடினால் முகம் தெளிந்துவிடும். பிறகுதான் அடுப்பு, மாட்டுத் தீனி, ஜெபம் எல்லாம். கோயமுத்தூர் ஜில்லாவில் பிறந்தவனுக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியாதா? எனக்கு எரிந்தது. என் மனைவி பாவாத்தாளுக்கு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

பைக்காரா மின்சாரம் வந்த பிறகு நம் பக்கம் பஞ்சாலைகள் காளான் மாதிரி முளைத்ததை நீங்கள் அறிவீர்கள். அப்படி முளைத்த ஆலை ஒன்றின் முதலாளிதான் யந்திர வேலை பழகி வரும்படி என்னைப் போலந்து தேசத்து ஊட்ச் நகருக்கு அனுப்பினார். ஊட்ச் என்றால் புகைபோக்கிகளின் காடு. ஒரு வருஷம் என்று வந்தது நீண்டுகொண்டே போகவே, மனைவியையும் வரவழைத்துக்கொண்டேன். நகரத்துப் புகை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ரயிலில் போய்வரும் தூரத்தில் இந்தச் சிற்றூருக்கு வந்து சேர்ந்தோம். ஊருக்கு ஜெர்மன் பாஷையில் நொய்டோர்ஃப் என்று பெயர், போலிஷ் பாஷையில் நோவா வியெஷ். இரண்டுக்கும் ஒரே அர்த்தம், புதூர். இதைக் கேட்டதும் பாவாத்தாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்பறம் எதுக்குங்க வாயில நொழையாத பேரு? புதூருன்னே சொல்லிப்போட்டாப் போகுது. நம்ம பக்கம் இல்லாத புதூருங்களா?" என்றாள். அன்று முதல் எங்கள் வீட்டில் இது புதூர்தான்.

ஆனால் இந்தப் புதூர் உண்டான கதை நம் புதூர்களின் கதையைப் போன்றதல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே சேறும் நாணலும் கொசுவும்தான். நிலத்துக்குச் சொந்தக்காரரான போலிஷ் ஜமீன்தார், ஜெர்மன் சீமையில் காணி நிலமில்லாமல் தவித்தவர்களை அழைத்து, சதுப்பைக் கழனியாக்கினால் சில வருஷம் விளைச்சலில் வாரம் கேட்கமாட்டேன் என்றாராம். வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள் முதல் குளிர்காலத்தை மண்ணில் குழி பறித்து, மேலே நாணல் வேய்ந்து, அதற்குள் கழித்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் பழைய சிலுவைகளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் குழந்தைகளுடையவை. இருந்தும் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. கால்வாய் வெட்டித் தண்ணீரைத் துரத்தித் துரத்தி, கடைசியில் ரை என்ற தானியத்தை விளைத்து ரொட்டி தின்றார்கள். கூலிக்கு வந்த போலிஷ் குடும்பங்களும் அப்படியே தங்கின. கொண்டான் கொடுத்தானும் உண்டு. ஹெர்தாவின் தாயே போலிஷ்காரிதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மனிதர்கள் மேல் மரியாதை பெருகுகிறது.

எங்கள் ஊரைப் பற்றியும் ஹெர்தா கேட்டார். என் மாமனார் வீடு வெள்ளகோவிலில், வானம் பார்த்த பூமி. பாறையை உடைத்துத் தென்னை உயரத்துக்குக் கிணறு இறக்கியும் தண்ணீர் அடியில் கிடக்கும் என்றேன். அவர் கையைத் தட்டி, "கெட்டிக்காரர்கள்! அவ்வளவு ஆழக் குழி இருந்தால் வயல் தண்ணீரெல்லாம் அதில் இறங்கிவிடுமே" என்று பாராட்டினார். கிணறு வெட்டுவதே தண்ணீரைத் தொலைப்பதற்கு என்று எண்ணிவிட்டார்! எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனை வைத்துக்கொண்டு எவ்வளவு விளக்கியும், தண்ணீரைத் தேடிப் போகும் ஜனங்கள் இருப்பார்கள் என்பது அவர் மனசில் ஏறவில்லை.

நான் பிறந்தது கொடுமுடிப் பக்கம். வாய்க்கால் பாசனத்தில் மேல்மடைக்காரன் மனசு வைத்தால்தான் கடைமடைக்காரன் வயல் நனையும். இங்கே தலைகீழ். கீழே இருப்பவன் தன் துண்டு வடிகாலைத் தூர் வாரினால்தான் மேலே இருப்பவன் வயல் வடியும். அதனால் பனி உருகி முடிந்ததும் வடிகால் நாள் என்று ஒரு நாள் ஊரே கூடி, கீழ்க்கோடியிலிருந்து மேலே வாரிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு வீட்டுத் துண்டுக்கும் ஒரு முளை அடித்து, அதில் பெயரின் முதல் எழுத்தைச் சுட்டிருக்கிறார்கள். ஆளில்லாத வீட்டுத் துண்டை மேலேயிருக்கும் வீட்டுக்காரர் வாரிக் கொடுப்பார். ஹெர்தாவுக்கு மேலே இருப்பவர் ஸ்தாஷெக் என்ற போலிஷ் குடியானவர். ஹெர்தாவின் கணவர் இறந்த நாளிலிருந்து அவர்தான் இந்த வீட்டுத் துண்டையும் வாருகிறார். சட்டமோ பட்டாவோ இல்லை, வழக்கம் அவ்வளவுதான்.

இந்த வருஷம் காற்று சரியில்லை. எல்லைக்கு அப்பால் ஜெர்மன் தேசத்திலிருந்து புதுப் பாட்டுகளைப் பழகிக்கொண்டு வந்த ஜெர்மன் இளவட்டங்கள் போலிஷ்காரனோடு சேர்ந்து மண்வாரக் கூடாது என்கிறார்கள். அதில் ஹெர்தாவின் கொழுந்தனும் ஒருவன். போலிஷ்காரர்களுக்கும் ரோஷம் உண்டல்லவா? இரண்டு பாஷையிலும் எழுதிய ஊர்ப்பலகையில் யாரோ ஒரு பெயரைத் தார் பூசி அழிக்க, மறுநாள் மற்றப் பெயரும் அழிந்திருந்தது. வடிகால் நாளுக்கு ஸ்தாஷெக் வருவாரா என்று ஹெர்தா கவலையில் இருந்தார். அவர் வராவிட்டால் துண்டு தூர்ந்துவிடும். அப்புறம் வயலும் போய்விடும்.

இந்தச் சமயம் பார்த்துப் பாவாத்தாள் ஒரு காரியம் செய்தாள். ஊரிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த கொத்தமல்லியை வடிகால் ஓரத்தில் விதைத்திருந்தாள். நிலம் ஈரமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வெள்ளகோவில் கை சம்மதிக்குமா? புல்லோடு பெயர்த்த மண்கட்டியும் சேறுமாக வடிகாலுக்குக் குறுக்கே அழகாக மடை கட்டிவிட்டாள். அன்றே நல்ல மழை. மறுநாள் காலையில் ஸ்தாஷெக்கின் பசும் ரைப் பயிர் ஏரியாகிக் கிடந்தது.

வேலிக்கு அப்பால் நின்று அவர் போட்ட சத்தத்தில் நாங்கள் எழுந்து ஓடினோம். "உன் கொழுந்தன் சொல்லிக்கொடுத்தானா? இத்தனை வருஷம் உன் சேற்றை வாரினேனே! இனி என் நிழல்கூட உன் வடிகாலில் விழாது" என்றார். ஹெர்தா அழுதுவிட்டார். அவர் அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

பாவாத்தாளுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் வெள்ளத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மம்பட்டியோடு வடிகாலில் இறங்கினாள். நாலே வெட்டு. மடை உடைந்து தண்ணீர் பாய்ந்தது. முழங்கால் சேற்றில் நின்று ஸ்தாஷெக்கைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஏனுங்க, அவருகிட்டச் சொல்லுங்க. கட்டுனது நானுங்க. இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்லீங்க. எங்கூர்ல தண்ணிய ஓட விட்டாப் பாவமுங்க. இங்க நிறுத்துனாப் பாவமுன்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்க."

நான் பாதி போலிஷிலும் பாதி ஜெர்மனிலும் சொன்னேன். ஸ்தாஷெக் நம்பவில்லை. தண்ணீரை யாராவது வேண்டுமென்றே வயலுக்குள் விடுவார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்போது பாவாத்தாள், எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலை இறைக்கிற மாதிரியே நடித்துக் காட்டினாள். எருது பின்னால் வருவதும், தோல் பறி கிணற்றில் இறங்குவதும், கயிறு இழுபடுவதும், தண்ணீர் கொட்டுவதும், அதைக் கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொள்வதும். பார்த்துக்கொண்டே இருந்த ஹெர்தா, "அந்த ஆழக் குழி! அது இதற்குத்தானா?" என்றார். நான் எவ்வளவு சொல்லியும் ஏறாத விளக்கம் அவர் மனசில் அன்றுதான் ஏறியது.

ஸ்தாஷெக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நிறுத்தத் தெரிந்தவளுக்கு அனுப்பவும் தெரிய வேண்டும். இவளுக்கும் ஒரு துண்டு கொடு" என்றார் ஹெர்தாவிடம். கோபம் முழுசும் போகவில்லை, குரலில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

வடிகால் நாளில் அவர் வந்தார். கொழுந்தன் வரவில்லை, அவனுடைய துண்டை மேலும் கீழும் இருந்தவர்கள் பேசாமல் வாரிவிட்டுப் போனார்கள். ஹெர்தாவின் முளைக்கும் ஸ்தாஷெக்கின் முளைக்கும் நடுவில் புதிதாக ஒரு முளை அடித்து, காய்ச்சிய கம்பியால் நான் 'பா' என்று சுட்டேன். போலந்து மண்ணில் ஒரு தமிழ் எழுத்து நிற்பதைப் பார்த்து எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எத்தனை நாளைக்கு இந்த முளைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்குமோ என்ற பயமும் கூடவே வந்தது.

கடைசிச் சேற்றை வாரி எறிந்ததும் தண்ணீர் தெளிந்து ஓடியது. பாவாத்தாள் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"இது எங்கீங்க போகுது?"

"ஆத்துக்கு. அப்பறம் வடக்க ஒரு கடலுக்கு."

"அந்தக் கடலும் நம்ம கடலும் ஒண்ணுதானுங்களே?"

"சுத்தி வளைச்சுப் பாத்தா ஒண்ணுதான் அம்மணி."

அவள் குனிந்து தண்ணீரைத் தொட்டாள். "அப்படீன்னாப் போ கண்ணு. மழையா வெள்ளகோவில் பக்கம் எறங்கு. எங்கப்பன் கெணத்துல வெறுஞ்சேறுதான் கெடக்குது."

இப்போதெல்லாம் விடிந்ததும் வடிகால் ஓரத்தில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஹெர்தா, தண்ணீர் போய்விட்டதா என்று பார்க்கிறார். பாவாத்தாள் அது போகிற திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.