மூணு புள்ளிக்காரர்

பஸ் டிப்போவில் அவர் டைம் கீப்பர். வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று முப்பது வருஷம் எழுதித் தள்ளியவருக்கு, மனிதர்களில் இரண்டே வகைதான்: நேரத்துக்கு வருகிறவர்கள், சாக்கு சொல்கிறவர்கள். ஊர்க் கால்பந்து லீகின் செயலாளர் வேலை தலையில் விழுந்தபோது இந்த ஞானத்தையும் கையோடு எடுத்துப் போனார். டிவிஷனுக்கு எட்டு அணிகளாக இரண்டு டிவிஷன், ஒரே மைதானம், அதன் கேட்டுக்கு ஒரே சாவி. சாவி அவர் சட்டைப் பையில்.

அவர் வந்த புதிதில் லீக் சந்தி சிரித்துக்கொண்டிருந்தது. ஆள் சேரவில்லையென்றால் ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி ஒரு கடிதம், அவ்வளவுதான். ஓர் அணித் தலைவனுடைய தாய்மாமா ஒரே வருஷத்தில் மூன்று தடவை இறந்துபோனார். மூன்றாவது தடவை நம் ஆள் துக்கம் விசாரிக்கவே போய்விட்டார். கதவைத் திறந்து, "யாருங்க, என்ன வேணும்?" என்று கேட்டது அந்த மாமாவேதான்.

அன்றைக்கே உட்கார்ந்து விதி எழுதினார். "ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்கும் அணிக்கு மூன்று புள்ளிகள் குறைக்கப்படும். காரணம் கேட்கப்பட மாட்டாது." இரண்டாவது வாக்கியத்தில் அவருக்குத் தனிப் பெருமை. ஊர் அவருக்கு மூணு புள்ளி என்று பெயர் வைத்தது. அதிலும் அவருக்குப் பெருமைதான்.

விதியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. ஆடித் தோற்றால் பூஜ்யம், தள்ளிவைத்தால் மைனஸ் மூன்று. ஏழு பேர் நின்றாலே ஆட்டத்தைத் தொடங்கலாம். ஆகவே ஆள் இல்லாத அணிகள் யாரையாவது ஏழு பேரைப் பிடித்து வந்து நிறுத்தின. மார்க்கெட் அணி ஒரு தடவை தராசு பிடிக்கும் பெரியவரைக் கோல்கீப்பராக நிறுத்தியது. அவர் நாற்காலியோடு வந்தார், ரெஃப்ரி நாற்காலியை மட்டும் வெளியே அனுப்பினார். ஆனால் நாலு வருஷமாக ஓர் ஆட்டம்கூடத் தள்ளிப்போகவில்லை. ஆண்டறிக்கையில் செயலாளர் அதை அடிக்கோடிட்டு எழுதினார்.

இந்த நேரத்தில்தான் ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவருடைய மாப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் லாண்டரியில் வேலை, லாண்டரி அணிக்குத் தலைவர். முதல் டிவிஷனில் இருக்கும்வரை அணிக்காரர்களுக்குச் சனிக்கிழமை அரை நாள் விடுப்பு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மற்ற நாட்களில், ஞாயிறு உட்பட, விடியுமுன் கிளம்பிப் போகும் மாப்பிள்ளை வீடு திரும்பும்போது இரண்டு வயதுக் குழந்தை தூங்கிப்போயிருக்கும். அப்பா முகத்தை அது விழித்துப் பார்ப்பது, ஆட்டம் முடிந்த சனிக்கிழமைச் சாயங்காலங்களில்தான்.

"மாமா, எங்க ஆளுங்க எட்டு பேருக்குக் காய்ச்சல். எனக்கும்தான். இந்த வாரத்து ஆட்டத்தை மட்டும் தள்ளிக் கொடுங்க. டாக்டர் சீட்டு கொண்டுவந்திருக்கேன்."

"சீட்டு யாரு வேணும்னாலும் வாங்கலாம், மாப்பிள்ளை. எத்தனை பேர் வர முடியும்?"

"தூக்கி நிறுத்தினா ஏழு பேர்."

"அப்புறம் என்ன? ஏழு போதுமே."

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "மனுஷன் நடுங்கிட்டு நிக்கிறாரு, நீங்க தலை எண்ணிட்டு இருக்கீங்களே!"

"மாப்பிள்ளைன்னு விட்டுக்கொடுத்தா நாளைக்கு ஊர் என்ன பேசும்?" என்றார் அவர். சொந்த மாப்பிள்ளைக்கு எதிராகவே நியாயம் வழங்கும் பாக்கியம் எல்லோருக்குமா கிடைக்கிறது? அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்தே நின்றார். மாப்பிள்ளை ஸ்வெட்டரோடு ஆடினார். தபால் அணி ஒன்பது கோல் போட்டது. இடைவேளையில் செயலாளர் போய் அந்த ஏழு பேரின் கையையும் பிடித்துக் குலுக்கிப் பாராட்டினார். பதிவேட்டில், "ஆட்டம் குறித்த நேரத்தில் தொடங்கியது" என்று எழுதினார்.

அடுத்த வாரம் தபால் அணிக்கே காய்ச்சல், ஊருக்குக் கடிதங்கள் தாமதமாக வந்தன. அதற்கடுத்த வாரம், கடைசி ஆட்டத்தன்று, கை குலுக்கியவர் படுத்தார்.

லாண்டரிக்கும் மார்க்கெட்டுக்கும் ஆட்டம். சாவியை வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது, செயலாளர் நேரில் கையெழுத்துப் போடாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது. இரண்டும் அவர் எழுதிய விதிகள். பூட்டிய கேட்டுக்கு வெளியே இருபத்திரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து சட்டையைப் போட்டவர், இரண்டாவது பொத்தானைப் போடுவதற்குள் கண் இருட்டிக் கட்டிலில் விழுந்தார். கடைசியில் மனைவி காகிதம் எடுத்தாள், அவர் சொல்லச் சொல்ல எழுதினாள்: "ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

"காரணம் எழுதட்டுமா?" என்று வேண்டுமென்றே கேட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் லீக் கமிட்டி வீட்டுக்கே வந்தது. தபால் அணிக்காகத் தபால்காரர், மார்க்கெட் அணிக்காக மீன் கடைக்காரர், இன்னும் மூன்று பேர்.

"இப்போ மூணு புள்ளி யாருக்குக் குறைக்கிறது?" என்று போர்வைக்குள்ளிருந்து கேட்டார் செயலாளர்.

எல்லோரும் சிரித்தார்கள். "என்ன சார் நீங்க! இது நிஜக் காய்ச்சல்" என்றார் தபால்காரர்.

"டாக்டர் சீட்டு இருக்கு, எடுத்துட்டு வரச் சொல்றேன்."

"சீட்டு எதுக்கு? முகத்தைப் பார்த்தாலே தெரியுதே!"

இரண்டே நிமிஷத்தில் விதி திருந்தியது. உண்மையான நோய்க்குப் புள்ளிக் குறைப்பு இல்லை, இன்றிலிருந்து அமல். செயலாளர் முழங்கையை ஊன்றி எழுந்தார். "அப்போ அன்னைக்கு லாண்டரி ஆடினதையும் திரும்ப ஆட விடணும். அவங்களுக்கு இருந்ததும் நிஜக் காய்ச்சல்தான்."

"அது முடிஞ்சுபோன ஆட்டம் சார்" என்றார் ஒன்பது கோல் போட்ட அணியின் தபால்காரர். "குறித்த நேரத்தில் தொடங்கியதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

தள்ளிப்போன ஆட்டத்தில் லாண்டரி இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தது. அதனால் லாண்டரியும் மார்க்கெட்டும் புள்ளியில் சமம். கோல் கணக்கு பார்த்தார்கள். அந்த ஒன்பது கோல் லாண்டரியைக் கடைசி இடத்துக்கு இறக்கி, இரண்டாவது டிவிஷனுக்குத் தள்ளியது. பட்டியலைச் செயலாளர்தான் எழுதினார். எங்காவது தப்பாகக் கூட்டியிருப்போம் என்ற ஆசையில் நாலு தடவை கூட்டினார். அவருக்குக் கூட்டல் தப்பியதே இல்லை.

அரை நாள் விடுப்பு பறிபோன முதல் சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஒரு மணி ஷிப்டுக்குப் போகிற வழியில் மாப்பிள்ளை சைக்கிளை நிறுத்தினார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்த செயலாளர், சொல்வதற்கு நாலு வார்த்தை தேடிவைத்தபடி வாசலுக்கு வந்தார்.

"உடம்பு இப்போ எப்படி இருக்கு மாமா?"

குத்தலாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். இதே வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றவரிடம், "எத்தனை பேர் வர முடியும்?" என்று தான் அன்றைக்குக் கேட்டது செயலாளருக்கு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"உங்களுக்கு எப்படி இருக்கு, மாப்பிள்ளை?"

"எனக்குப் போன மாசமே சரியாயிடுச்சு மாமா. வரேன், நேரமாச்சு."

மாப்பிள்ளை சைக்கிளில் ஏறினார். செயலாளர் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. மாப்பிள்ளை நேரத்துக்குத்தான் போய்ச் சேருவார்.