பில்லில் இரண்டாவது பெயர்

நீங்கள் நம்பாமல் போனாலும் எனக்குக் கவலை இல்லை. அந்தக் கரண்ட் பில் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. வந்து பார்த்துக்கொள்ளலாம்.

என் பெயர் ஜோசஃபா. ஃபிஜிக்காரன். டாஸ்மேனியாவில், பர்னி என்ற ஊரில், முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. வாடகைக்கு ஒரு தனி வீடு. அதில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. என் மனைவி மெரியோனி ஊரில் காத்திருக்கிறாள். அவளுடைய விசாவுக்கு, நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்று காட்ட, என் பெயரில் ஒரு கரண்ட் பில் வேண்டும். அந்த ஒரு காகிதத்துக்காக ஐந்து மாதம் நாயாய் அலைந்தேன்.

பில் எப்போதும் டோரீன் பாஸ்க் என்ற பெயரிலேயே வந்தது. கரண்ட் கம்பெனிக்குப் போன் செய்தால் நாற்பது நிமிடம் பாட்டுப் போடுவார்கள். பிறகு, மாற்றிவிட்டோம் என்பார்கள். மாறியிருக்காது.

நான்காவது முறை கார்ல் என்பவன் எடுத்தான்.

“நாங்க மாத்திடுறோம் தலைவரே. மறுநாளே அந்தம்மா போன் பண்ணி, ‘நான் காலி பண்ணல, இங்கதான் இருக்கேன்’னு சொல்றாங்க. நாங்க என்ன பண்றது?”

முன்பு குடியிருந்தவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அப்படி ஒரு கோபம் எனக்கு.

ஜூலை 9, செவ்வாய். மாலை 5:40. இங்கே ஜூலையில்தான் குளிர்காலம், அதற்குள் இருட்டிவிட்டது. மரவள்ளிக்கிழங்கும் டின் மீனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

டக்... டக்... டக்...

முதுகுக்குப் பின்னால் யாரோ நடக்கும் சத்தம்.

எங்கள் ஊரில் சாப்பிடும்போது யார் கடந்து போனாலும் “மை கனா” என்போம். வந்து சாப்பிடுங்க என்று அர்த்தம். ஒரு மரியாதைக்குத்தான். அவர்களும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஐந்து மாதமாக அதைச் சொல்ல எனக்கு ஆளே இல்லை. வாயில் கிழங்கோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

“மை கனா.”

காலடி நின்றது.

அப்புறம்தான் உறைத்தது... வீட்டில் நான் மட்டும்தான்.

தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

க்ரீ...ச்.

எதிர் நாற்காலி.

5:43.

ஓடினேன். அன்று இரவு முழுக்கக் காரிலேயே கிடந்தேன்.

அடுத்த வாரம் பில் வந்தது. என் பெயர்! துள்ளிக் குதித்தேன். அப்புறம்தான் கீழே இருந்த இரண்டாவது பெயரைப் பார்த்தேன். டோரீன் பாஸ்க்.

மறுபடியும் கார்ல்தான் எடுத்தான்.

“அந்தம்மாதான் சேக்கச் சொன்னாங்க. ஒன்பதாம் தேதி, சாயங்காலம் 5:52. ‘அவரே என்னச் சாப்பிடக் கூப்பிட்டுட்டாரு, இனிமே ரெண்டு பேரும்தான்’னாங்க. ரொம்ப சந்தோஷமாப் பேசினாங்க.”

“அந்தப் பேர எடுத்துடுங்க.”

“அது... அவங்களே சொன்னாதான் எடுக்க முடியும் தலைவரே.”

வீட்டு ஏஜென்ட் ஷெரிலிடம் போய் நின்றேன்.

“டோரீனா? அவங்க செத்து ஒரு வருஷமாச்சேப்பா. மூணு வாரம் யாருக்குமே தெரியல. மீட்டர் பாக்க வந்தவன்தான் ஜன்னல் வழியாப் பாத்தான். அந்த மேசைலதான்... சாப்பிட உக்காந்தபடியே.”

வேறு வழியில்லாமல் அந்தப் பில்லையே விசாவுக்கு நகல் எடுத்து அனுப்பினேன். விசா கிடைத்துவிட்டது. மெரியோனி வெள்ளிக்கிழமை வருகிறாள். நேற்று அவளுக்காக மூன்றாவதாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டேன்.

இன்று காலை அது வாசலுக்கு வெளியே கிடந்தது.