ரேடியோ கம்பெனிக்கு எழுதிய கடிதம்

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த மறு வருஷம் எங்கள் வீட்டுக்கு ரேடியோ வந்தது. ஆவூரில் அப்போது மின்சாரம் கிடையாது. ரேடியோவுக்குள் இரண்டு செங்கலை ஒட்டிவைத்த அளவில் ஒரு பாட்டரி இருக்கும். தினமும் ஒரு மணி நேரம் கேட்டால் சில மாதங்கள் வரும். என் கணவர் பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியர். செய்தியில் தெரியாத ஊர்ப் பெயர் வந்தால் தேசப்படத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

முப்பத்தாறு வயதில் அவருக்குப் பார்வை போய்விட்டது. திருச்சிக்கும் மதுரைக்கும் அலைந்து பார்த்தோம், பலனில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டோடு முடங்கினார். ரேடியோவைக்கூடத் தொடவில்லை. ஒரு நாள் காலையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து செய்தி கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவரே குமிழைத் திருகி ஸ்டேஷனைப் பிடித்திருந்தார். இடது கோடியிலிருந்து ஒன்றரைச் சுற்று வந்தால் திருச்சி. அவருடைய விரல்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டன.

விஷயம் தெரிந்து தலைமையாசிரியர் வீட்டுக்கே வந்தார். "சார், காலைல பிரேயர்ல வந்து பிள்ளைங்களுக்குச் செய்தி சொல்லுங்க. ஒங்கள மாதிரி சொல்ல இங்க ஆளு இல்லைங்க" என்றார். மறுநாளே போனார். எந்த ஊர் எந்த ஆற்றங்கரையில் இருக்கிறது, அங்கே என்ன விளைகிறது என்றெல்லாம் சேர்த்துச் சொல்வார். ஒரு வருஷத்தில் பூகோளப் பாடமும் அவரிடமே திரும்பி வந்தது.

இப்படியே வருஷங்கள் ஓடின. அறுபதாம் வருஷத்துக்குப் பிறகு ஒரு தடவை பாட்டரி வாங்கத் திருச்சிக்குப் போனேன். கடைக்காரர் கையை விரித்தார்.

"இந்த பாட்டரி இப்ப வர்றதில்லைங்கம்மா. கம்பெனியில நிறுத்திட்டாங்க. புதுசா ஒரு டிரான்ஸிஸ்டர் வாங்கிக்கங்க."

"ரேடியோ நல்லாத்தான இருக்கு?"

"ரேடியோ நல்லா இருந்து என்னங்க செய்ய?"

என் தம்பியிடம் டிரான்ஸிஸ்டர் இருந்தது. இரவல் வாங்கி வந்தேன். அதில் குமிழுக்குப் பதிலாக ஓரத்தில் சின்னச் சக்கரம். மயிரிழை நகர்ந்தாலும் ஸ்டேஷன் தாண்டிப் போய்விடும். அவர் மூன்று நாள் முயன்றார். நாலாம் நாள் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லச் செய்தி இல்லை. "இன்னைக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லி அனுப்பு" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

கம்பெனிக்கு எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம் என்று தடுத்தார்.

"வித்து இத்தன வருஷமாச்சு. செஞ்சவன் எத்தன நாளைக்குத்தான் பாத்துக்கிட்டே இருப்பான்?"

"ஏங்க, படிச்சு முடிச்சுப் போன பிள்ளைங்க இன்னமும் சந்தேகம் கேட்டு ஒங்கக்கிட்ட வருதுங்களே, வகுப்பு முடிஞ்சுபோச்சுன்னு திருப்பி அனுப்புறீங்களா?"

நான் எழுதினேன். கோபத்தோடுதான் எழுதினேன். புதியது செய்யுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பழையதை நம்பி ஒரு மனிதர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார், அவரை என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தேன். ரேடியோவின் முதுகில் அச்சடித்திருந்த சென்னை விலாசத்துக்கு அனுப்பினேன். பதில் வருமென்று நினைக்கவில்லை.

மூன்று வாரத்தில் வந்தது. உதிரிபாகப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் தன் கையாலேயே தமிழில் எழுதியிருந்தார். மன்னிப்புக் கேட்டிருந்தார். கூடவே ஒரு கேள்வி: உங்கள் கணவர் குமிழை எப்படிக் கணக்கு வைத்துத் திருகுகிறார்? அதைப் படித்துக் காட்டியதும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சொல்லச் சொல்ல நான் எழுதினேன், இரண்டு பக்கம் வந்தது. அடுத்து ஒரு பார்சல். கீரனூர் ரயில் ஸ்டேஷனுக்குப் போய் வாங்கி வந்தோம். கிடங்கில் மிஞ்சியிருந்த பாட்டரிகளில் நல்லதாக இரண்டைச் சோதித்து அனுப்பியிருந்தார். பாட்டரியை மாட்டியதும் இவர் ஒன்றரைச் சுற்று திருகினார். திருச்சி பேசியது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த மனிதர் அதோடு விடவில்லை. எங்கள் கடிதத்தை மேலதிகாரிகளிடம் காட்டி வாதாடி, வருஷத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் பழைய பாட்டரிகளைச் செய்ய வைத்தார். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தபோது, பாட்டரி இல்லாமல் கரண்டிலேயே அந்த ரேடியோ ஓடுவதற்கு ஒரு பெட்டியும், மாட்டும் விதத்துக்குப் படமும் அனுப்பினார்.

பிற்பாடு ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது இருவரும் அவரைத் தேடிப் போனோம். ஒல்லியான மனிதர், மூக்குக் கண்ணாடி. அவர் அறையில் கூரை வரைக்கும் அலமாரிகள். கம்பெனி செய்வதை நிறுத்திவிட்ட ரேடியோக்களின் பாகங்கள், ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, தூசு படாமல் இருந்தன. இடத்தை அடைக்கிறது, காலி பண்ணு என்று அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும், எங்களைப் போன்றவர்கள் எழுதிய கடிதக் கட்டை எடுத்துக் காட்டித் தப்பித்திருக்கிறார்.

என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லாட்டி நான் வீட்டுல ஒக்காந்திருப்பேன் சார்" என்றார்.

அவருக்குக் கூச்சமாகிவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க. ஒங்க வீட்டம்மா எழுதுனதாலதான் எனக்குத் தெரிஞ்சது. எழுதாம இருந்தவங்க எத்தன பேரோ, அவங்களுக்கு நான் ஒண்ணும் செய்யலியே" என்றார்.

பிறகு என் கணவரின் கையைப் பிடித்து அலமாரி அலமாரியாக அழைத்துப் போனார். ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து இவர் உள்ளங்கையில் வைத்து, இது என்ன, எதற்கு என்று சொல்லிக்கொண்டே போனார். கல்யாணச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.