பன்னிரண்டரை மணி மீன்தலை

சைலோசியைத் திட்ட எனக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அவன் சவுலேவு கிராமத்துக் கடல்காரன். நான் மேட்டுப்பக்கத்து நிலத்துக்காரி. எங்கள் இரண்டு கூட்டமும் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி பேசலாம், கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. சாப்பாட்டில் மட்டும் விளையாட்டு கிடையாது. அவர்கள் பிடிக்கும் மீன் எங்களுக்கு, நாங்கள் வளர்க்கும் பன்றி அவர்களுக்கு. அதனால் அவன் என் கண்ணெதிரில் மீனை வாயில் வைக்கக்கூடாது. நான் அவன் கண்ணெதிரில் பன்றிக்கறியைத் தொடக்கூடாது. தொட்டால், எதிரில் இருப்பவரை மனுஷராகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். அப்படி மாட்டிக்கொண்டவர் தலையில் அந்தச் சாப்பாட்டையே கொட்டலாம். வாங்கிக்கொள்பவர் வாயைத் திறக்கக்கூடாது.

கடல்காரன் என்றேனே, அது பிறப்பால் மட்டும். படகில் கால் வைத்தால் அவனுக்குக் குமட்டும். பதினாறு வயதில் வலை இழுக்கப் போய், சொந்த மாமன் மடியிலேயே வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு அவனை யாரும் கடலுக்குக் கூப்பிடவில்லை. நாந்தி டவுன் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கினான். ஒரு மளிகைக்கடை வாசலில் காவல் நின்றான். நின்றுகொண்டே தூங்கியதால் அந்த வேலையும் போயிற்று. வேலை செய்யாத உடம்புக்கு இவ்வளவு அழகு எங்கிருந்து வந்ததோ தெரியாது, தோளும் தொடையும் அப்படி இருக்கும். அதைப் பார்த்துத்தான் இந்தத் தீவு ஹோட்டலில் அவனை வேலைக்கு வைத்தார்கள். என்ன வேலை என்கிறீர்களா? தலைவர் வேலை! இடுப்பில் மரப்பட்டைத் துணி, கழுத்தில் பன்றிப்பல் மாலை, காலையில் பத்து மணிக்கு வந்தால் சாயங்காலம் நாலு மணிவரை அவன் எங்களுக்கெல்லாம் தலைவர்.

அந்தத் தலைவர் தினமும் எங்களோடு வேலையாட்கள் படகில்தான் வருவார். கரையிலிருந்து தீவு நாற்பது நிமிஷம். முழு நேரமும் தலையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு கடலுக்குக் காணிக்கை செலுத்தியபடி வருவார்.

அவன் தலைமையில் நடக்கும் விருந்தைப் பற்றி என்ன சொல்ல. குழியில் கல்லைச் சூடாக்கி, இலையில் சுற்றி, மண் போட்டு மூடி, மூன்று மணி நேரம் வேகவைப்பதற்குப் பெயர் லோவோ. ஹோட்டலில் கோழியை கேஸ் அடுப்பில் வேகவைத்துவிட்டு, குழியில் பத்து நிமிஷம் புகை காட்டுகிறோம். சேப்பங்கிழங்கு முதல் நாளே வெந்தது. யங்கோனா வேரை இடித்துக் கரைத்துக் குடித்தால் ஊரில் நாக்கு மரத்துப்போகும். இங்கே குடித்தால் தாகம் தீரும். சுற்றுலா வந்தவர்களும் அந்த மண் கலரைப் பார்த்துவிட்டு, இரண்டு வாய் குடித்து, தலை சுற்றுகிறது என்று ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வார்கள். வெறும் தண்ணீரில் தலை சுற்றும் ஜனங்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இதற்கு நடுவே இவன் வழக்கம் சொல்வான். சிரட்டையை மூன்று தடவை திருப்பினால் மூதாதையர் காது கொடுப்பார்களாம். மூடின குழியைப் பெண்கள் தாண்டினால் இரட்டைக் குழந்தை பிறக்குமாம். ஒரு வெள்ளைக்காரக் கிழவி உடனே பதறிப்போய்ச் சுற்றிக்கொண்டு போனாள். தினம் ஒன்று புதிதாக முளைக்கும். எந்த ஊரில் கேட்டான், யார் சொன்னது, அவனுக்கே தெரியாது.

பன்னிரண்டரை மணிக்கு அவனுடைய பெரிய வித்தை. தேங்காய்ப்பாலில் வெந்த பெரிய மீன்தலையைத் தூக்கிப் பிடித்து, கண்ணை உறிஞ்சுவான். வந்தவர்கள் வீல் வீலென்று கத்திக்கொண்டு படம் எடுப்பார்கள். பதினொரு வருஷமாக அந்த நேரத்துக்கு நான் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். நான் பார்க்காதவரை அவன் தப்பு செய்யவில்லை. அவன் பிழைப்பு என் முதுகில் நடந்தது.

போன மாதம் மேனேஜர் டெப்ரா என்னையும் சைலோசியையும் கூப்பிட்டாள். நியூசிலாந்துக்காரி, கெட்டவள் என்று சொல்ல மாட்டேன், காதுதான் கேட்காது. கேட்டாலும் உள்ளே போகாது.

"லொசலினி, தலைவர் தனியா ஒக்காந்து சாப்பிடுறது நல்லால்லைன்னு வந்துட்டுப் போறவங்க எழுதுறாங்க. குடும்பமா சாப்பிடுறதப் பாக்கணுமாம். நாளையிலேர்ந்து நீயும் பாயில ஒக்காரு."

"மேடம், அவன் மீன் திங்கறப்ப நான் எதுர்ல இருக்கக்கூடாது. எங்க வழக்கம்."

அவள் என்னை விட்டுவிட்டு சைலோசியைப் பார்த்தாள். வழக்கத்துக்கெல்லாம் அவன்தானே அதிகாரி.

"அப்பிடியா சைலோசி? ஏதாவது பிரச்சனையா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. கழுத்து மாலையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "அதெல்லாம் பழைய கதை மேடம். இப்ப யாரும் பாக்கறதில்ல."

ஊரில் இல்லாத ஐம்பது வழக்கத்தை வாய் கூசாமல் சொன்னவன், இருக்கிற ஒன்றை இல்லை என்றான்.

சமையல்கட்டுக்குப் பின்னால் அவனை மடக்கினேன்.

"டேய், யாருடா பாக்கறதில்ல? உங்கப்பன் பாக்கலியா? எங்கப்பன் சாவுக்கு வந்தப்ப மூணு நாள் வெறும் மரவள்ளிக்கெழங்கத் தின்னுட்டுக் கெடந்தாரே, அவரு பைத்தியமா?"

"கத்தாதக்கா. இந்த வாரம் முடிவு பண்றாங்க. வேலய நிரந்தரமாக்கிட்டா இங்கயே குவார்ட்டர்ஸ் குடுப்பாங்க. ரெண்டு ரூம்."

"அதுக்கு?"

"படகு ஏற வேணாம்க்கா." அவன் குரல் இறங்கிவிட்டது. "புயல்ல கூர போயி நாலு வருஷம் ஆச்சு. மச்சான் வீட்டுல பொண்டாட்டி பிள்ளையோட சமையல்கட்டுல படுத்திருக்கேன். உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்ததால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. கஷ்டப்படுகிறவனை முழுசாகத் திட்டக்கூட விடமாட்டேன் என்கிறான்.

"நீ கண்ண மூடிக்கோயேன்," என்றான்.

"கண்ண மூடுனா நான் அங்க இல்லாமப் போயிடுவனா?"

"மரவள்ளிக்கெழங்குன்னு நெனச்சுக்கோ."

"மரவள்ளிக்குக் கண்ணு இருக்காடா? உறிஞ்சப் போறது எதடா?" அவனுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை. "சொல்லிட்டேன். என் முன்னாடி வாயில வச்ச, வழக்கப்படி நடக்கும். வேல போனாலும் போவுது."

மறுநாள் முப்பது பேர் வந்தார்கள். வெயிலில் வெந்து, அவித்த இறால் கலரில் இருந்தார்கள். நான் பாயில் உட்கார்ந்தேன். சைலோசி எனக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரம். நடுவில் மீன்தலை, அதன் பக்கத்தில் ஒரு சட்டி நிறைய தேங்காய்ப்பால் குழம்பு.

வைக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். எவ்வளவு கேவலமானவனாக இருந்தாலும் அங்கே ஒரு கோடு உண்டு என்று நம்பினேன். அவன் மீன்தலையைத் தூக்கினான். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். கை நடுங்கியது. அப்புறம் டெப்ரா நின்றிருந்த பக்கம் கண்ணைத் திருப்பி, உறிஞ்சினான்.

நான் எழுந்தேன். சட்டியைத் தூக்கி அவன் உச்சந்தலையில் கவிழ்த்தேன். "நெலத்துக்காரி முன்னாடி மீன் தின்னவன் இவன்! எல்லாரும் பாத்துக்கங்க!" என்று எங்கள் பாஷையில் கத்தினேன். அவன் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்து, உள்ளங்கைகளைக் குழித்து, மெதுவாக மூன்று முறை தட்டினான். தப்பை ஒப்புக்கொள்கிறவன் தட்டுகிற மாதிரியே தட்டினான். அந்த மூன்று தட்டு நேரத்துக்கு அவன் மேல் எனக்கு மரியாதை வந்தது. பொய் சொல்லவில்லை.

நாலாவது தட்டு வேறு பக்கத்திலிருந்து வந்தது. முப்பது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். விசில் அடித்தார்கள். ஒருவன் கேமராவைத் தூக்கிக் காட்டி, சரியாக விழவில்லை, இன்னொரு தடவை ஊற்ற முடியுமா என்று கேட்டான். சைலோசி முகத்தை வழித்துவிட்டுக்கொண்டு தலையை நிமிர்த்தினான். அவன் வாய் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது எங்க தீவோட ஆசீர்வாதம்," என்றான் அவர்களிடம், பல் முழுவதும் தெரிய. "பொண்டாட்டி புருஷன் தலையில பால் ஊத்துனா, நல்ல மழை பெய்யும்."

தண்டனையை ஆசீர்வாதம் ஆக்கினான். என்னைப் பெண்டாட்டியாகவும் ஆக்கிவிட்டான். மானமில்லாதவன்.

சாயங்காலமே டெப்ரா வரவேற்பறைப் பலகையில் எழுதிவிட்டாள்: பன்னிரண்டரை மணி, தேங்காய்ப்பால் ஆசீர்வாதம். சைலோசிக்கு இரண்டு ரூம் கிடைத்தது. என்னைத் தேங்காய் துருவுவதிலிருந்து எடுத்துவிட்டாள். இருபது வருஷமாகத் தோள்பட்டை வலிக்கிறது எனக்கு. தினமும் இது ஒன்றை மட்டும் செய்தால் போதும் என்றாள். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பாயில் உட்காரும்போது அவன் என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தான்.

"அக்கா, நேத்து ரொம்பச் சூடுக்கா. காதுக்குப் பின்னால கொப்புளம்."

அவன் மீன்தலையைத் தூக்கினான், என் முகத்துக்கு நேராக, கை நடுங்காமல் உறிஞ்சினான். ஜனங்கள் கத்தினார்கள். நான் எழுந்து சட்டியை எடுத்தேன். கவிழ்ப்பதற்கு முன், விரலை விட்டுச் சூடு பார்த்தேன்.