என் இடது கண்ணோடு சிதம்பரத்துக்கு

காலை 9.40. கடலூர் முதுநகரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய், தூரம் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். எழுபத்தெட்டு வயதில் நான் எங்கும் அவசரமாகப் போவதில்லை. அன்று போனேன். சாயங்காலத்துக்குள் ஒரு நோட்டு எரிந்துவிடும்.

அது ஓவியர் கலியமூர்த்தி படம் வரைந்த நோட்டு. சாமிப் படக் காலண்டர்களில் மூலையில் 'கலி' என்று கையெழுத்துப் பார்த்திருப்பீர்கள், அவர்தான். அவருடைய போர்டு எழுதும் கடையில் பதினாறு வருஷம் வேலை செய்தேன். பள்ளிக்கூடம் போகாதவன் நான். அவர் கோடு போட்ட எழுத்துக்குள் பெயிண்ட் நிரப்பித்தான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். முதலில் தெரிந்த எழுத்து 'ஜ'. அது ஒரு ஜவுளிக்கடை போர்டு. 'அ' தெரிய ஒரு மாசம் ஆனது, ஏனென்றால் அரிசிக் கடைக்காரர் அதுவரை போர்டு வைக்கவில்லை.

அந்தக் காலத்தில் கடலூர் பக்கம் ஒரே வருஷத்தில் மூன்று ஆட்களைக் கொன்று கரும்புக் கொல்லைகளில் போட்டிருந்தார்கள். மூவரும் வெளியூர்க்காரர்கள் என்றார்கள். செத்தவர்கள் யார் என்றும் தெரியவில்லை, கொன்றவனும் அகப்படவில்லை. போன வாரம் சிதம்பரத்துக்காரர் ஒருவர் யூடியூபில், கொன்றது ஓவியர் கலிதான் என்று முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். மருமகள் போனில் காட்டினாள்.

10.05. சிப்காட் வாசலில் ஷிப்ட் முடிந்த ஒருவர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். கெமிக்கல் வாடை அவர் சட்டையிலேயே ஏறியிருந்தது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். கலியின் மகள் வீட்டுக்கு என்றேன்.

"அந்த கொலகார ஆர்டிஸ்ட்டா? வீடியோ பாத்தேன் பெரியவரே. மூணு பேரு மூஞ்சியும் அவரு நோட்ல இருக்கு. மூணு பேருக்கும் இடது கண்ணு இமையில ஒரே மாதிரி வெட்டு. இதுக்கு மேல ஜாஸ்தி சாட்சி வேணுமா?"

நான் கண்ணாடியைக் கழற்றி அவர் பக்கம் திரும்பினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். ஆலப்பாக்கத்தில் இறங்கிக்கொண்டார்.

என் இடது இமையில் இருந்தது, எட்டு வயதில் கரும்பின் காய்ந்த சோகை கிழித்த தழும்பு. அது எப்படி அந்த மூன்று முகங்களுக்குப் போனது என்றால், அப்போது போலீசில் எல்லா நேரமும் போட்டோக்காரர் கிடைக்க மாட்டார். ஆள் தெரியாத பிணம் வந்தால் சைக்கிளில் ஒருவரை அனுப்பி கலி மாஸ்டரைக் கூப்பிடுவார்கள். மார்ச்சுவரியில் நான் விளக்கைப் பிடிப்பேன், அவர் வரைவார். காயத்தையும் வரைவார். மூடின கண்ணோடு வரைந்தால் சொந்தக்காரனுக்கே அடையாளம் தெரியாது என்பது அவர் கணக்கு. கடைக்கு வந்ததும் என்னை எதிரே உட்காரவைத்து, என் கண்ணைப் பார்த்துப் படத்தில் பிணத்துக்குக் கண் திறப்பார். அந்த முகத்தைத்தான் போலீசார் நோட்டீஸாக அடித்து ஒட்டுவார்கள். அப்புறம் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் சாமிப் படத்தைத் தொடுவார். பிணத்தை வரைந்த கை என்று தெரிந்தால் எவனும் சாமிப் படம் கேட்டு வரமாட்டான், வெளியே சொல்லாதே என்றார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, நானும் சொல்லவில்லை.

புதுச்சத்திரம், பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது மணி 11. கலியின் மகள் அமுதா முந்தின நாள் போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவைப் புகழ்ந்து படம் எடுக்கப்போவதாக அந்த யூடியூப்காரர் சொன்னதால் அவளேதான் நோட்டை அவரிடம் கொடுத்திருக்கிறாள். திரும்பி வந்த நோட்டைக் கொளுத்தப் போவதாகச் சொன்னாள். கடைவீதிச் சங்கத்தார் தங்கள் ஹாலில் மாட்ட இருந்த கலியின் உருவப் படத்தையும் வேண்டாம் என்றுவிட்டார்களாம். நான் வரும்வரை பொறு என்று மட்டும் சொன்னேன். போனில் சொன்னால் நம்பமாட்டாள்.

11.35. ஸ்டாண்டிலிருந்து தெற்கு வீதிக்கு ஆட்டோக்காரர் அறுபது ரூபாய் கேட்டார், ஐம்பதுக்கு வந்தார். அமுதாவுக்கும் அறுபது வயது தாண்டிவிட்டது. துணி துவைக்கும் கல்மேல் நோட்டும், பக்கத்தில் மண்ணெண்ணெய் பாட்டிலும் இருந்தன.

"தடுக்க வந்தீங்களா மாமா? அவரு கூட பதினாறு வருஷம் இருந்தீங்க. உங்களுக்கும் தெரியுமா, நீங்களும் கூட்டா?"

"கூட்டுதாம்மா" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினேன். "நோட்ட பிரி. என்னயும் பாரு."

மூன்று பக்கத்தையும் என் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். விரலால் இமையைத் தொட்டுப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச்சுவரியை, விளக்கை, கிணற்றடியை.

"அப்ப எங்கப்பா கொலகாரர் இல்ல. பொணத்த வரைஞ்ச கையால சாமி வரைஞ்சவரு. சங்கத்துக்காரங்க இதுக்கும் படத்த மாட்ட மாட்டாங்களே மாமா."

"மாட்டலன்னா போறாங்க. செஞ்சத செஞ்சாருன்னு சொல்லட்டும்."

அவள் மண்ணெண்ணெய் பாட்டிலை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, அந்த யூடியூப்காரருக்குப் போன் போட்டாள்.

3.15. அவர் கேமராவோடு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், மரியாதையான ஆள். நோட்டில் இருந்த தேதிகள் எப்படிப் பேப்பரில் செய்தி வந்த நாளுக்கு முந்தி இருந்தன, காயம் எப்படித் தெரிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். என் இமையைப் பக்கத்தில் வந்து படம் எடுத்தார். இதை இன்றைக்கே போடுவதாக வாக்குக் கொடுக்கும்வரை நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கொடுத்தார். நோட்டை மட்டும் மூடாமல் வைத்திருந்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமா? இதுல இருக்கறது உங்க கண்ணு. அப்ப செத்தவங்க சொந்தக்காரங்க நோட்டீஸ பாத்திருந்தாலும், இது நம்ம ஆளு இல்லன்னு போயிருப்பாங்கல்ல?"

"அவருகிட்ட ஏன் அதெல்லாம் கேக்குறீங்க" என்றாள் அமுதா.

நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். அப்புறம் சொன்னேன்: "அதயும் சேத்துப் போடு தம்பி. விட்றாத."

5.20. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் கடலூர் ஸ்டாண்டிலும் இதே மாதிரிக் கூட்டம்தான். நேர அட்டவணைக்குப் பக்கத்தில் அந்த மூவரின் போலீஸ் நோட்டீஸை ஒட்டியிருந்தார்கள். என் கண் ஊருக்கே தெரிகிறது என்ற பெருமையில், வேலை இல்லாத நேரமெல்லாம் அங்கே போய் நிற்பேன். ஒரு நாள் கூடையோடு வந்த ஓர் அம்மா இரண்டாவது படத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கிட்டே போனார், தள்ளி நின்றார், மறுபடியும் கிட்டே போனார். பிறகு இல்லை என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். படம் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.