மாமன் மடி

மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு இன்று காலை என் மகள் இட்லி கேட்டாள். அந்த நிம்மதியில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்று நாளும் ஒரு வேண்டுதல் நாக்கு நுனிவரை வந்தது. ஒவ்வொரு முறையும் விழுங்கிவிட்டேன். விழுங்கியது சரியா என்று இன்னும் தெரியவில்லை. என் அம்மா விழுங்கவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் தலைமுடியையே நேர்ந்துகொண்டாள்.

எண்பதுகளில் ஏற்காட்டில் எங்கள் அடுத்த வீடு சிங்கு மாமாவுடையது. பஞ்சாபிலிருந்து லாரியோடு வந்தவர், காப்பி மூட்டை ஏற்ற மலையேறி, இறங்க மனமில்லாமல் இங்கேயே பட்டறை போட்டுவிட்டார். விடிந்ததும் குளித்து, அவர்கள் வேதத்தை முணுமுணுத்து, தலைப்பாகை சுற்றி முடித்த பிறகுதான் டீ. தமிழைப் பட்டறைக்கு வருகிறவர்களிடம் கற்றதால் வாண்டுகளான எங்களையும் “சாப்பிட்டீங்களா கண்ணு” என்றுதான் கேட்பார். அவர் மகளும் நானும் மூன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அவள் பின்னல் அவ்வளவு நீளம். தன் பின்னல் மேலேயே உட்கார்ந்துவிட்டு அவளே கத்துவாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்கு டைபாய்டு வந்தது. போர்வையில் சுற்றி ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜீப் வளைவில் திரும்பி மறைந்ததும் அம்மா மலையுச்சியைப் பார்த்துக் கைகூப்பினாள். “சேர்வராயா, அந்தப் புள்ள பொழச்சு வந்தா உன்ற கோயில்ல அதுக்கு மொட்டை போடறேன்.” முனகியிருந்தால் தனக்கும் சாமிக்கும் இடையில் பேசித் தீர்த்திருக்கலாம். உரக்கச் சொன்னாள், தெருவே கேட்டது.

பிள்ளை பிழைத்து வந்தாள். குச்சி போல இருந்தாள், ஆனால் வந்தாள். தெரு விசாரிக்க ஆரம்பித்தது. “மொட்டை எப்பங்க?”

“சிங்கு ஊட்டுல முடியில கத்தி வெக்க மாட்டாங்கன்னு ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?” என்றார் அப்பா.

“தெரியுமுங்க. அப்ப நெனப்பு வரலீங்க.”

கொடுத்த உயிரைச் சாமி திரும்பக் கேட்டுவிடுமோ என்று அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டாள்.

“அண்ணா, ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க.”

அவர் டயர் மேல் உட்கார்ந்து முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை.

“மூணே மூணு முடி, பூமுடியாட்டம்…” என்றாள் அம்மா.

“ஒண்ணு கூட ஆகாதுங்க தங்கச்சி. அது எங்களுது இல்லீங்க. கடவுள் குடுத்தது. அவருகிட்டப் போற வரைக்கும் காப்பாத்தறதுதான் எங்க வேலை.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மறுநாள் தெளிந்துவிட்டாள். அந்தப் பிள்ளை தலைக்குப் பதில் என் தலை. யாரும் என்னைக் கேட்கவில்லை.

எனக்கு முடி போவதைவிட, ஆள் மாறியதைச் சாமி கண்டுபிடித்துவிடுமே என்றுதான் பயம். சிநேகிதியிடம் சொன்னேன். அவள் கையில் சோப்பு போட்டுத் அவர்கள் வீட்டில் எல்லோரும் போட்டிருக்கும் அந்த இரும்பு வளையத்தைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள். “இனி சாமி உன்னை நான்னே நெனச்சுக்கும், போ.”

ஞாயிற்றுக்கிழமை பாதி தூரம் பஸ், மீதி நடை. யாரும் அழைக்காமலே மாமாவும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோயில் வாசலில் எல்லோருடைய செருப்பையும் வரிசையாக அடுக்கிவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

முடியெடுப்பவர் கத்தியைத் தீட்டிவிட்டு நிமிர்ந்தார். “புள்ளைய மாமன் மடியில வெய்யுங்க.”

அம்மாவுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை.

“நான் வெச்சுக்கறேனுங்க,” என்றார் அப்பா.

“அப்பன் மடி ஆகாதுங்க. தாய்மாமன் வேணும்.”

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இதுவும் கோணலாகப் போகிறதே என்று நினைத்திருப்பாள். அப்போது செருப்பு வரிசையை விட்டு மாமா வந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“தங்கச்சின்னுதானுங்களே கூப்பிடறேன்? அப்ப மாமன் நான்தானுங்க.”

“வேண்டாமுங்கண்ணா, உங்களுக்கு இது ஆகாதே.”

“என் புள்ளைக்காகத்தானுங்க இது. வாங்க கண்ணு, உக்காருங்க.”

தலையில் தண்ணீர் தெளித்ததும் உடம்பு சிலிர்த்தது. அவர் மார்பில் சாய்ந்திருந்தேன். முதல் கற்றை அவர் முழங்கால் மேல் விழுந்தது. காதோரம் அவர் உதடுகள் அவர் பாஷையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தன. ஊசி போடும்போது முடியும்வரை எண்ணச் சொல்வார்களே, அப்படித்தான் எண்ணுகிறார் என்று நினைத்தேன். நானும் எண்ணினேன். நூற்று நாற்பதில் முடிந்தது. அவர் மடியை உதறவில்லை. விழுந்த முடியை விரல்களால் கூட்டி எடுத்து, அம்மா நீட்டிய இலையில் வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஒரே சிரிப்பு. சிநேகிதி என் தலையைத் தடவித் தடவி ஓய்ந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அம்மா வாய் திறந்தபடி தூங்கினாள்.

நான் மாமாவிடம் கேட்டேன். “நீங்க எத்தனை வரைக்கும் எண்ணினீங்க மாமா?”

புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு புரிந்தது போல் தாடியைத் தடவிக்கொண்டார். “பாதியில தொண்டை அடைச்சுக்கிச்சுங்க கண்ணு. விட்டுப்போட்டேன்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு பெரிய மாமாவால் முடியாததை, ஒன்று விடாமல் நான் எண்ணி முடித்திருந்தேன்.