மதிலோரச் செருப்பு

பெங்களூரிலிருந்து கம்பெனி நண்பர்களோடு போயிருந்த மலைக்கோட்டையில்தான் அந்தக் காவலாளியைப் பார்த்தேன். கீழே கடலும் துறைமுக ஊரும் விரிந்து கிடக்க, அவர் மட்டும் வருகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். காக்கி உடுப்புக்குச் சற்றும் பொருந்தாமல், ரோஜா நிறப் பெண்கள் செருப்பு போட்டிருந்தார். குதிகால் பாதி வெளியே நின்றது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மதிலோரம் ஓர் அனுமார் சிலை இருந்தது. செருப்பை மதிலடியில் கழற்றிவிட்டு, சிலையைச் சுற்றிக் கும்பிடப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்தால், அவர் என் செருப்பருகே நின்று மதிலுக்கு வெளியே கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னோடது அண்ணா," என்றேன்.

பாய்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் பெங்களூர்ப் பக்கம் பொம்மசந்திராவில் தமிழர்களோடு வேலை பார்த்தவராம், தமிழில்தான் பேசினார்.

"இங்க மட்டும் கழட்டாதீங்க சார். குதிக்கிறவங்க இங்கதான் விட்டுட்டுப் போறாங்க. சாமி ஒண்ணும் நெனச்சுக்காது, போட்டுக்கினே கும்பிடுங்க."

நான் செருப்பை மாட்டும்வரை கையை விடவில்லை. குனிந்தபோது அந்த ரோஜா நிறச் செருப்பு என் முகத்துக்கு நேராக இருந்தது. யாருடையது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.